டிராகன்பார்ன்: பெயருக்கேற்ற வலிமை இப்போதுதான்

பகடை உருட்டி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகக் கதையை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட எங்கள் மேசைக்குப் புதிதாக வருபவர்களிடம் இனங்களின் பட்டியலைக் கொடுத்தால், பலரும் முதலில் கேட்பது டிராகன்பார்னைப் பற்றித்தான். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், செதில் மூடிய உடல், வாயிலிருந்து நெருப்போ மின்னலோ பாய்ச்சும் ஆற்றல் என்றால் ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் 2014இல் வெளிவந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிநூலின்படி அந்த ஆசை சில சண்டைகளிலேயே வடிந்துவிடும். 2024 பதிப்பு இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது என்பதும், வாளேந்திப் போரிடும் பாத்திரத்துக்கு ஐந்தாம் நிலையிலிருந்து (நிலை என்பது கதை வளர வளரப் பாத்திரம் ஏறும் படி) இது முதல்தரமான தேர்வு என்பதும் என் மதிப்பீடு.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஐந்தாம் நிலையை எட்டிய ஃபைட்டர், அதாவது போர்வீரர், ஒரு சுற்றில் இருமுறை தாக்கலாம். வலிமைக்கு 4 கூட்டிக்கொள்ளும் ஒருவர் இருகை வாளால் வெட்டினால் ஒரு வெட்டுக்குச் சராசரியாக 11 புள்ளி சேதம், இரண்டுமே பட்டால் 22. பழைய விதிப்படி, வாயிலிருந்து பாய்ச்சும் மூச்சுத் தாக்குதலுக்கு அந்த இரண்டு வெட்டுகளையும் விட்டுக்கொடுக்க வேண்டும். கிடைப்பதோ இரண்டு ஆறுமுகப் பகடைகள், அதாவது சராசரி 7. மூன்று எதிரிகள் அகப்பட்டு மூவருமே தப்பிக்க உருட்டும் பகடையில் (சேவிங் த்ரோ) தோற்றால்கூட மொத்தம் 21தான். புதிய விதியிலோ ஒரே ஒரு வெட்டை விட்டால் போதும். ஐந்தாம் நிலையில் இரண்டு பத்துமுகப் பகடைகள், சராசரி 11. எதிரே ஒருவர் மட்டும் நின்றாலும் பெரிய நட்டமில்லை, இருவர் நின்றால் தெளிவான ஆதாயம். 15 அடிக் கூம்பா, 30 அடி நேர்கோடா என்பதையும் முன்புபோல் மூதாதை டிராகனின் நிறம் தீர்மானிப்பதில்லை; ஒவ்வொரு முறையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பது சிங்கப்பூரில் ஆடுபவர்களுக்கு இன்னும் முக்கியமானது. வேலை முடிந்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசையில் கூடி, கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கக் கலைந்துவிடும் எங்களைப் போன்ற குழுக்களில் ஓர் இரவுக்கு ஒரு பெரிய சண்டை நடந்தாலே அதிகம். பழைய டிராகன்பார்ன், கதைக்குள் பாத்திரங்கள் எடுக்கும் குறு ஓய்வுக்கு ஒருமுறைதான் மூச்சுத் தாக்குதல் நடத்தும். ஆகவே அந்த இரவில் ஒரேயொரு வாய்ப்பு. இப்போது அது, நிலையோடு உயரும் தேர்ச்சி மதிப்பின் அளவுக்கு, தொடக்கத்தில் இரண்டு முறையும் ஐந்தாம் நிலையில் மூன்று முறையும் கிடைக்கிறது. பாத்திரங்கள் இரவு முழுதும் எடுப்பது போன்ற நீண்ட ஓய்வுக்குப் பின்னரே இவை திரும்பும் என்றாலும், ஒரே சண்டையில் அனைத்தையும் செலவிடத் தடையில்லை.

ஐந்தாம் நிலையில் ஆவிவடிவச் சிறகுகளும் முளைக்கின்றன. நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை, பத்து நிமிடம் பறக்கலாம். ஆசிமார் இனத்தின் சிறகுகள் மூன்றாம் நிலையிலேயே வந்தாலும் ஒரு நிமிடமே நிலைப்பதால், கோட்டைச் சுவரைக் கடப்பது, பள்ளத்தாக்கைத் தாண்டுவது போன்ற சண்டைக்கு வெளியிலான வேலைகளில் டிராகன்பார்னே பயனுள்ளது. இருளில் 60 அடி வரை பார்க்கும் திறன் 2014இல் இல்லை, இப்போது உண்டு.

முதல் நான்கு நிலைகள் மட்டும் இன்னும் மெலிந்தே இருக்கின்றன. அப்போது பெரும்பாலான பாத்திரங்களுக்குச் சுற்றுக்கு ஒரு தாக்குதல்தான். அதை விட்டுச் சராசரி 5.5 பெறுவது, எதிரிகள் நெருக்கமாக நிற்காவிட்டால் வீண். குறுகிய கதையை ஆடி முடிக்கப்போகும் குழு வேறு இனத்தை எடுப்பது நல்லது.

நிறத் தேர்வில் சிவப்பு, தங்கம், பித்தளை ஆகியவற்றையே பரிந்துரைப்பேன். மூன்றும் நெருப்பைத் தாங்கும் எதிர்ப்பாற்றலைத் தருபவை, ஃபயர்பால் மந்திரம் எதிர்ப்படாத நீண்ட கதை அரிது. பச்சை நிறத்தின் நச்சுமூச்சோ, நச்சால் பாதிக்கப்படாத நடைபிணங்கள் நிறைந்த கல்லறைக் கதைகளில் பயன்படாது. கதையை நடத்தும் டிஎம்மிடம் (டன்ஜன் மாஸ்டர்) கதையின் போக்கை மேலோட்டமாகக் கேட்டுவிட்டு நிறத்தை முடிவுசெய்யுங்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. 2014 நூலில் டிராகன்பார்ன்களுக்குக் குலமே உயிரினும் பெரியது. தம் பெயருக்கு முன் குலப்பெயரை வைத்துச் சொல்வதே மரியாதை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொள்ளும் நமக்கு இது எளிதில் பிடிபட்டது. குலத்தின் மானம் காக்கப் புறப்பட்டவராக ஒருவர் தமிழில் பேசி ஆடியபோது மேசையே அவர் பக்கம் திரும்பியது. புதிய நூலில் அந்தப் பகுதி சுருங்கிவிட்டதால், விதிகளை 2024இலிருந்தும் குலக்கதையை 2014இலிருந்தும் எடுத்து ஆடுகிறோம். புத்தகம் வாங்குமுன் விதிகளைப் பார்க்க விரும்புவோர், 2025இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதி ஆவணத்தைப் படிக்கலாம். டிராகன்பார்னின் விதிகள் அதில் உள்ளன.