ஒரே நாளில் அதிக ஜியோகேச்கள்: குழுச் சாதனை முயற்சிக்குப் பிரீமியம் சேவை எவ்வளவு உதவும்?

ஒருவர் மறைத்துவைத்து, இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவை இணையத்தில் வெளியிடும் சிறு பெட்டிகளே ஜியோகேச்கள், சுருக்கமாகக் கேச்கள்; ஜிபிஎஸ் துணையுடன் அவற்றைத் தேடிக் கண்டெடுப்பதுதான் இந்த விளையாட்டு. ஒரே நாளில் ஒரு குழுவாக எத்தனை ஜியோகேச்களைக் கண்டெடுக்க முடியும் என்று பார்க்கத் துணிபவர்கள் முதலில் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தின் பிரீமியம் உறுப்பினர் சேவையைத்தான். ஓய்வு நாளில் நான்கைந்து கேச்களைத் தேடிப் போகிறவருக்கு அது எப்படிப் பயன்படுகிறது என்பது பலருக்கும் தெரியும். நூற்றுக்கணக்கில் தேடப் போகும் குழுவுக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டுமே இந்த மதிப்புரை எடுத்துக்கொள்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புறப்படும் நேரம் வரை இச்சேவைக்கு ஈடு இல்லை, சாலையில் இறங்கிய பின் அதன் செயலியைவிட வேறு கருவிகள் வேகமாக வேலை செய்கின்றன, கிடைத்த எண்ணிக்கை நேர்மையானதா என்ற கேள்வியை அது பெருமளவு குழுவின் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறது.

ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே முதல் பெட்டி வைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தத் தளம் 75 கேச்களுடன் தொடங்கியது. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கேச்கள் அதில் உள்ளன. சாதனை நாடும் குழுவுக்கு அந்தப் பெரிய எண்ணைவிட ஒரு சிறிய எண்தான் முக்கியம். ஒரு கேச்சின் பெட்டிக்கும் அடுத்த கேச்சின் பெட்டிக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது தளத்தின் விதி. அந்த விதி அனுமதிக்கும் நெருக்கத்தில், ஒரு சாலை நெடுக வரிசையாகக் கேச்கள் வைக்கப்பட்ட பவர் டிரெயில்கள் இல்லாமல் நான்கு இலக்க எண்ணிக்கையை ஒரே நாளில் யாரும் எட்ட முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். 500 கேச்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 1,000 கேச்கள் என்றால் 86 விநாடிகள் அளவிலும் கிடைக்கின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 161 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 15 விநாடிகள் போதும் என்பதால், வண்டியின் வேகத்தைக் கூட்டுவதால் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை. இறங்குவது, தேடுவது, மூடியைத் திறப்பது, உள்ளே சுருண்டிருக்கும் தாளை விரித்துக் கையொப்பமிடுவது, மீண்டும் இருந்த இடத்திலேயே வைப்பது ஆகியவைதான் நேரத்தை விழுங்குகின்றன. அவற்றைவிடவும் பெரிய இழப்பு, அங்கே இல்லாத ஒரு கேச்சைத் தேடிக்கொண்டு நிற்பது. காணாமல்போன ஒரு பெட்டிக்காக ஐந்து நிமிடம் செலவிட்டால், 1,000 கேச்களை நாடும் வேகத்தில் மூன்றுக்கும் மேற்பட்ட கேச்கள் கைநழுவிப் போகின்றன. ஆகவே இத்தகைய முயற்சியின் வெற்றி காலின் வேகத்தில் இருப்பதைவிடத் தகவலின் தரத்தில் அதிகம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பிரீமியம் சேவையை நான் மதிப்பதும் இதனால்தான்.

அதன் மையமான வசதி பாக்கெட் குவெரி. நமக்கு வேண்டிய நிபந்தனைகளைக் கொடுத்தால், அவற்றுக்குப் பொருந்தும் கேச்களின் ஆயத்தொலைவு, விவரம், குறிப்பு, அண்மைப் பதிவுகள் அனைத்தையும் ஜிபிஎஸ் கருவிகள் படிக்கக்கூடிய ஒரே ஜிபிஎக்ஸ் கோப்பாகத் தளம் தொகுத்துத் தருகிறது. ஒரு குவெரியில் அதிகபட்சம் 1,000 கேச்கள்தான் கிடைக்கும் என்ற வரம்பு, சாதாரணத் தேடலில் யாருக்கும் உறைக்காது. ஆனால் நீண்ட பவர் டிரெயில் ஒன்றை முழுமையாக எடுக்க விரும்பும் குழு முதல் நாளிலேயே அதில் முட்டிக்கொள்ளும். கேச் வைக்கப்பட்ட தேதியை நிபந்தனையாக வைத்து, அந்தப் பரப்பைக் காலவாரியாகப் பிரித்துப் பல குவெரிகளாக ஓட்டுவதே இதற்கு அனுபவசாலிகள் கையாளும் வழி. பெட்டி ஒன்றும் இருமுறை வராமல், ஒன்றும் விடுபடாமல் எல்லாம் வந்து சேரும். ஒரு பாதையை வரைந்து அதன் இருபுறமும் குறிப்பிட்ட தொலைவுக்குள் இருப்பவற்றை மட்டும் எடுக்கும் வசதியும் உண்டு. டிரெயில் நேர்கோடாக இல்லாமல் கிளைபிரியும் இடங்களில் அது மிகவும் உதவுகிறது.

நிபந்தனைகளில் இரண்டை நான் தனியாகப் பாராட்ட வேண்டும். கடந்த ஏழு நாட்களுக்குள் யாரேனும் கண்டெடுத்த கேச்களை மட்டும் பிரித்தெடுக்கும் தேர்வு முதலாவது. முயற்சிக்கு முந்தைய நாள் இந்தத் தேர்வுடன் ஒரு குவெரியை எடுத்து, முழுப் பட்டியலுடன் ஒப்பிட்டால், எந்தப் பகுதியில் பெட்டிகள் உறுதியாக இருக்கின்றன, எந்தப் பகுதியில் சந்தேகம் உள்ளது என்ற தெளிவு கிடைத்துவிடும். சந்தேகமான பகுதியில் எத்தனை விநாடி தேடிவிட்டு நகர்வது என்று குழு முன்கூட்டியே உடன்பட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, குறிப்பிட்ட உறுப்பினர்கள் இதுவரை கண்டெடுக்காதவற்றை மட்டும் காட்டும் தேடல் வடிகட்டி. ஒரே கேச்சை ஒருவர் ஒருமுறைதான் கணக்கில் சேர்க்க முடியும் என்பதால், குழுவில் ஒருவர் ஏற்கெனவே கண்டவை அவருடைய அன்றைய எண்ணிக்கையில் வராது. குழு முழுவதற்கும் ஒரே எண்ணிக்கை அமைய வேண்டுமானால் இந்த வடிகட்டலைத் தவிர்க்க முடியாது. ஜியோகேச்சிங் புள்ளிவிவரங்களைத் தரும் புராஜெக்ட் ஜிசி என்ற தனித் தளத்தின் வரைபட ஒப்பீட்டு வசதியும் இதே வேலையைப் படமாகக் காட்டிச் செய்கிறது.

ஒவ்வொரு கேச்சுக்கும், அதைக் கண்டுபிடிப்பதன் கடினத்தன்மை, அங்கே போய்ச்சேர வேண்டிய நிலப்பரப்பு ஆகிய இரண்டும் ஒன்று முதல் ஐந்து வரை அரைப் புள்ளி இடைவெளியில் மதிப்பிடப்படுகின்றன. சாதனை நாளுக்கு இரண்டிலும் ஒன்றரைக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

இனி செயலியைப் பற்றிச் சொல்கிறேன். தளத்தின் அதிகாரபூர்வச் செயலி ஒரு கேச்சை மகிழ்ச்சியுடன் தேடுவதற்காக அழகாக வடிவமைக்கப்பட்டது. கேச்சின் பக்கத்தைத் திறந்து, வழிகாட்டலைத் தொடங்கி, கண்டதும் பதிவு செய்து, படம் சேர்த்து, பின்னர் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒழுங்கு, நிதானமாகத் தேடுபவருக்கு ஏற்றது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கேச் என்ற ஓட்டத்தில் இத்தனை தொடுதல்களுக்கு இடமில்லை. பிரீமியம் உறுப்பினர்கள் பட்டியல்களை முன்கூட்டியே இறக்கிவைத்து, கைபேசி சமிக்ஞை இல்லாத இடத்திலும் பயன்படுத்தலாம் என்பது மட்டும் தவிர்க்க முடியாத வசதி. நீண்ட டிரெயில்கள் பெரும்பாலும் ஆளரவமற்ற சாலைகளில்தான் அமைகின்றன.

அதனால் சாலையில் வழிகாட்டுபவரின் கையில் கார்மின் போன்ற கையடக்க ஜிபிஎஸ் கருவி இருப்பதையே நான் பரிந்துரைப்பேன். பொத்தானை அழுத்திக் கண்டதாகக் குறித்ததும், மிக அருகிலுள்ள அடுத்த கேச்சுக்குப் போகலாமா என்று அதுவே கேட்கிறது. கையுறை அணிந்த விரலுக்கும் நண்பகல் வெயிலில் பார்க்கும் கண்ணுக்கும் அது இணக்கமானது; மின்கலம் தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அன்று குறித்தவை அனைத்தும் நேரத்துடன் ஒரு கோப்பில் சேர்ந்திருக்கும். அதைத் தளத்தில் ஏற்றினால் வரைவுப் பதிவுகளாக வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் இயங்கும் சிஜியோ செயலியும் இணையமின்றிப் பதிவுகளைச் சேமித்துப் பிறகு அனுப்பும் வசதியால் நல்ல துணையாகிறது. பல குவெரிகளை ஒன்றுசேர்த்து, வரிசைப்படுத்தி, எண்ணிட்டுக் கருவிக்கு அனுப்புவதற்கு விண்டோஸ் கணினியில் இயங்கும் ஜிஎஸ்ஏகே மென்பொருளைவிடச் சிறந்தது எதையும் நான் பார்க்கவில்லை. நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒரே முறையில் வெளியிடுவதும் அதில் முடியும். கட்டணம் தளத்துக்குச் செலுத்தப்பட்டாலும், அந்தத் தகவலின் முழுப் பயனும் இந்தத் துணைக் கருவிகள் வழியாகவே வெளிப்படுகிறது.

எண்ணிக்கையின் நேர்மை பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் சாதனை என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அது இங்கேதான் தீர்மானமாகிறது. கேச்சைக் கண்டு, அதன் தாளில் கையொப்பமிட்ட பிறகே இணையத்தில் பதிவிட வேண்டும் என்பது விளையாட்டின் அடிப்படை. தாளில் பெயர் இல்லாத பதிவை நீக்கும் உரிமை கேச்சை வைத்தவருக்கு உண்டு. குழு ஒரு பொதுப் பெயரைத் தேர்ந்து, அதை முத்திரையாகவோ சிறு ஒட்டுச்சீட்டாகவோ தயாரித்துக்கொண்டு, இறங்குபவர் பெட்டியை எடுத்துவர மற்றொருவர் முத்திரையிடுவது முற்றிலும் முறையானது. ஆனால் சில குழுக்கள் முதல் இடத்தில் எடுத்த பெட்டியை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, ஓடும்போதே முத்திரையிட்டு, இரண்டாம் இடத்தில் அதை வைத்து அங்குள்ளதை எடுத்துக்கொண்டு தொடர்கின்றன. இதனால் ஒவ்வொரு தாளும் தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடுகிறது. முன்பு கையொப்பமிட்டவர்களின் சான்றும் குலைகிறது. வைத்தவர் வெளிப்படையாக அனுமதித்த டிரெயிலில் தவிர இதைச் செய்யக் கூடாது என்பதே என் நிலை. காணாத இடத்தில் தாமே ஒரு புதுப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கண்டதாக எழுதுவது அதைவிட மோசமானது. வைத்தவரின் ஒப்புதல் இல்லாமல் அப்படிச் செய்வதைத் தளத்தின் வழிகாட்டுதல்களும் ஏற்பதில்லை. குழு இரண்டாகப் பிரிந்து சாலையைப் பங்கிட்டுக்கொண்டு, பார்க்காத பாதியையும் எல்லோரும் தம் கணக்கில் எழுதுவதை நான் சாதனையாக ஏற்க மாட்டேன்.

இவற்றில் எதையும் மென்பொருள் தடுப்பதில்லை. ஒருவர் ஒரே நாளில் எத்தனை பதிவிட்டாலும் தளம் ஏற்றுக்கொள்கிறது. அவருடைய புள்ளிவிவரப் பக்கத்தில் மிகச் சிறந்த நாளாக அது இடம்பெறும். அங்கு கணக்கிடப்படுவது நாட்காட்டித் தேதி மட்டுமே என்பதையும் குழு மனத்தில் கொள்ள வேண்டும். பகல் எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் எட்டு மணி வரை ஓடினால், அது 24 மணி நேர முயற்சியாக இருக்குமே ஒழிய, புள்ளிவிவரத்தில் இரு தேதிகளாகப் பிரிந்தே தெரியும். எந்த அளவுகோலை நாடுகிறோம் என்பதை முன்னரே முடிவு செய்து, தேதிக் கணக்கை நாடினால் நள்ளிரவில் முதல் பெட்டியைத் திறப்பதே முறை. அப்போது இருட்டில் தேட வேண்டிய மணி நேரம் விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் என இரண்டு பகுதிகளாக அமையும். பகல் நீண்ட பருவத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த நேரம் குறையும். ஓட்டுநரை முறைவைத்து மாற்றுவதைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய பேச்சு வெறும் சம்பிரதாயம் அல்ல. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை என்று அழைக்கப்படும் 158 கிலோமீட்டர் நீளமுள்ள 375ஆம் சாலையில் 2010இல் சுமார் ஆயிரம் கேச்கள் கொண்ட டிரெயில் உருவாகி, உலகெங்குமிருந்து குழுக்களை ஈர்த்தது. சாலைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மாநிலப் போக்குவரத்துத் துறை கேட்டுக்கொண்டதால் 2011இல் அவை அகற்றப்பட்டன. பின்னரே மீண்டும் அமைக்கப்பட்டன. வண்டி நிற்கும்போதெல்லாம் சாலையை விட்டு முழுமையாக ஒதுங்குவது, பிரதிபலிக்கும் மேலங்கி அணிவது, சாலைப் பக்கமுள்ள கதவு வழியே யாரும் இறங்காமல் இருப்பது ஆகியவை சில விநாடிகளைத் தின்றாலும் விட்டுக்கொடுக்க முடியாதவை.

முடிந்தபின் பதிவு எழுதும் வேலை இருக்கிறது. எல்லாக் கேச்களிலும் ஒரே வரியை ஒட்டிவிட்டுப் போவது எளிது. அந்த நூற்றுக்கணக்கான பெட்டிகளை வைத்துப் பராமரிப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை. ஈரத்தில் நனைந்த தாள், உடைந்த மூடி, காணாமல்போன பெட்டி ஆகியவற்றின் எண்களை ஓட்டத்தின்போதே குறித்துவைத்து, அந்தப் பதிவுகளை மட்டுமாவது தனியாக எழுத வேண்டும். கண்டெடுக்கும் ஒவ்வொரு பத்துக் கேச்களுக்கும் பிரீமியம் உறுப்பினருக்கு, பிடித்த கேச்சுக்குப் பாராட்டாக வழங்கக்கூடிய ஒரு விருப்பப் புள்ளி கிடைப்பதால், அந்த நாளுக்குப் பின் வழங்குவதற்கு ஏராளமான புள்ளிகள் சேர்ந்திருக்கும். டிரெயிலின் முதல் கேச்சுக்கு அதில் ஒன்றைத் தருவது பரவலான வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

குழுவில் எல்லோரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பட்டியலைத் தயாரிப்பவருக்கும், வழிகாட்டுபவருக்கும் பிரீமியம் அவசியம். மற்றவர்கள் இலவசக் கணக்கிலிருந்தே தம் பதிவுகளை இடலாம். பாதையில் பிரீமியம் உறுப்பினர்களுக்கு மட்டும் விவரம் காட்டும் கேச்கள் கலந்துள்ளனவா என்பதைப் பட்டியல் தயாரிக்கும்போதே பார்த்துவிட்டு, அதன்படி மற்றவர்களும் சேர வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.