மார்பக பயாப்ஸியின் வலி: இசையா, தியானமா, ஆறுதல் சொல்லா?

மார்பகத்தில் ஊசி மூலம் பயாப்ஸி, அதாவது சோதனைக்காகச் சிறிது திசு எடுத்தல், செய்துகொள்ளும் பெண், உடல்வலியோடு புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. வலியை முதலில் தணிப்பது மரத்துப்போவதற்கான ஊசி. ஆனால் அதிலுள்ள லிடோகெயின் என்ற மருந்து உள்ளே இறங்கும்போதே எரியும். அதில் சோடியம் பைகார்பனேட் கலந்து மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் குறையும் என்பதால், பிற வழிகளைத் தேடுமுன் இதைக் கேட்டுப் பெறுவது நல்லது.

எஞ்சும் அச்சத்துக்கு இசையும் தியானமும் எளிதில் கிடைப்பவை. 121 பெண்களிடம் நடத்தி 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பயாப்ஸியின்போது இசை கேட்டவர்களுக்கும், ஒலிப்பதிவின் உதவியோடு அன்புணர்வுத் தியானம் (தனக்கும் பிறருக்கும் நலம் வேண்டி மனத்தைக் குவிப்பது) செய்தவர்களுக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பதற்றம் அதிகமாகத் தணிந்தது. வலியைப் பொறுத்தவரை, இசைக் குழுவைவிடத் தியானக் குழுவே குறைவாக உணர்ந்தது. ஆகவே வலிதான் முதன்மைக் கவலை என்றால் தியானத்தையே பரிந்துரைப்பேன்.

சுய ஹிப்னாசிஸ், அதாவது வழிகாட்டுதலோடு தன்னைத்தானே ஆழ்ந்த தளர்நிலைக்குக் கொண்டுசெல்வது, இவற்றினும் ஆழமாகச் செல்கிறது. கதிரியக்க மருத்துவர் எல்விரா லாங் குழுவினர் 236 பெண்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் செல்லச் செல்ல வழக்கமான கவனிப்பில் பதற்றம் கூடியது, பயிற்சி பெற்றவர் அருகிலிருந்து பரிவோடு பேசியபோது அது மாறாமல் நின்றது, ஹிப்னாசிஸில் குறைந்தது. வலியோ மூன்று குழுக்களிலும் ஏறியது என்பதை மறைக்கக் கூடாது. பரிவிலும் ஹிப்னாசிஸிலும் ஏற்றம் மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். ஆயினும் பரிவு என்பது எதையாவது ஆறுதலாகச் சொல்லிவைப்பதன்று. கதிரியக்கத் துறையின் பிற ஊசிச் சிகிச்சைகளில், “இப்போது சுருக்கென்று வலிக்கும்” என்று நல்லெண்ணத்தோடு எச்சரித்ததே வலியையும் பதற்றத்தையும் கூட்டியதாக அதே லாங் காட்டியிருக்கிறார்.

அல்ட்ராசவுண்ட் வழிகாட்டும் பயாப்ஸியில் பெரும்பாலும் மல்லாந்து படுத்திருப்பதால் பேச்சுத்துணையே பலருக்குப் போதும். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வழிகாட்டும் முறையில் மார்பகத்தை அழுத்திப் பிடித்து, கழுத்தைத் திருப்பியபடி அசையாதிருக்க வேண்டும்; அந்தக் கழுத்து வலியை மரத்துப்போகும் ஊசி தொடாது. அங்கே தியானம் கைகொடுக்கலாம், ஆனால் தொடங்குமுன்னரே தலையணையைச் சரிசெய்யச் சொல்வதே முந்திய உதவி. பதற்றம் தணிக்கும் மாத்திரையைக் கடைசியாகவே வைப்பேன்: அது தூக்கக் கலக்கம் தரும், வீடு திரும்பத் துணைக்கு ஆள் வேண்டும், மருத்துவர் எழுதித் தராமல் எடுக்கவும் கூடாது.