கார் ஜன்னல் வழியாகக் கார்டை நீட்டாதீர்கள்: 340 ரூபாய் பில்லுக்கு 3,740 போன கதை

மே மாதம் ஊட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திருப்பூர் திரும்பும்போது நடந்தது. கடையின் பெயரைப் போடப்போவதில்லை. பணம் திரும்பி வந்துவிட்டது, வம்பு வேண்டாம். ஆனால் சீசனில் மலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் ஒரு டீக்கடை. டிரைவ் த்ரூ என்று போர்டு வைத்திருந்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, கடைச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு, அதை ஒட்டி வண்டி நிற்க இடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மழை கொட்டுகிறது, பனி இறங்கி எதிர் வண்டியின் லைட் கூடத் தெரியவில்லை, அத்தைக்கு முழங்கால் வலி. இறங்காமலே டீ கிடைக்கிறதே என்று நிறுத்தச் சொன்னது நான்தான்.

மூன்று இஞ்சி டீ 90, பையனுக்குப் பால் 30, இரண்டு பிளேட் மிளகாய் பஜ்ஜி 120, வர்க்கி ஒரு பாக்கெட் 100. மொத்தம் 340. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, எல்லாக் கடையிலும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் முன்னால் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். வாங்காமல் வர மனசு வராது.

வழக்கமாக நான் போனில்தான் பணம் கொடுப்பேன். அன்றைக்குப் போன் பின்சீட்டில் மகன் கையில். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காமல் இருக்க கார்ட்டூன் போட்டுக் கொடுத்திருந்தேன். பிடுங்கினால் அழுவான். சரி, பர்ஸில் டெபிட் கார்டு இருக்கிறதே என்று எடுத்தேன். சாரல் உள்ளே அடிக்கிறது என்று கண்ணாடியைக் கையளவுதான் இறக்கியிருந்தேன். அந்த இடுக்கு வழியாகக் கார்டை நீட்டினேன்.

"மெஷின் உள்ளதானுங்க்கா இருக்குது, இங்க சிக்னலே எடுக்காது. குடுங்க்கா, போட்டுட்டு வந்தர்றேன்" என்றான் பையன். இருபது வயது இருக்கும். அந்தச் சாலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பது எனக்கும் தெரியும். அதனால் சந்தேகமே வரவில்லை. உள்ளே போனான், வந்தான். "ஃபெயில்னு வருதுங்க்கா, இன்னொரு தடவை போடறேன்" என்று மறுபடி போனான். திரும்பி வந்து கார்டைக் கொடுத்துவிட்டு, "ஆயிருச்சுங்க்கா. ஸ்லிப் வராது, பேப்பர் ரோல் தீந்து போச்சு" என்றான். பின்னால் இருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கிளம்பிவிட்டோம்.

மேட்டுப்பாளையம் வந்து போனைக் கையில் வாங்கிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு மெசேஜ். 340 ரூபாய் எடுக்கப்பட்டது. இரண்டு நிமிடம் கழித்து 3,400 ரூபாய் எடுக்கப்பட்டது. கோத்தகிரி டவுனில் சிக்னல் வந்தபோதே இரண்டும் வந்திருக்கின்றன. கார்ட்டூனை மறைக்கிறது என்று மகன் விரலால் தள்ளிவிட்டிருக்கிறான்.

முதல் தடவையே 340 போயிருக்கிறது. ஃபெயில் என்றது பொய். இரண்டாவது தடவை ஒரு பூஜ்யம் கூட. கை தவறியிருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் இன்னும் சொல்கிறார். ஒரு தவறு என்றால் நானும் நம்புவேன். ஃபெயில் என்ற பொய், கூடுதல் பூஜ்யம், தீர்ந்துபோன பேப்பர் ரோல், மூன்றும் ஒரே நேரத்தில் கை தவறுமா?

பின் நம்பர் கேட்காமல் எப்படிப் போனது என்று அத்தை கேட்டார். கார்டில் நாலு வளைகோடு போட்ட குறி இருந்தால் மெஷின் மேல் காட்டினாலே போதும். முதலில் 2,000 ரூபாய் வரைதான் அப்படி எடுக்க முடியும். 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி அதை 5,000 ஆக்கிவிட்டது. 3,400 அதற்குள் அடங்கிவிட்டது. இந்த வசதியை நாமே ஆன் செய்தால்தான் வேலை செய்யும். திருப்பூர் சூப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும்போது சுலபமாக இருக்கட்டும் என்று நான்தான் ஆன் செய்து வைத்திருந்தேன்.

சரி, திரும்பிப் போய்க் கேட்கலாம் என்றால் அதுவும் முடியாது. சீசனில் வெளியூர் வண்டிகள் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. வந்த வழியே ஏற விடமாட்டார்கள். கல்லாறு, பர்லியாறு, பதினான்கு கொண்டை ஊசி, குன்னூர், ஊட்டி என்று முழுச் சுற்று சுற்றித்தான் அந்தக் கடைக்குப் போக வேண்டும். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? இறங்குகிற வழியில் கடை, எவனும் திரும்பி வரப்போவதில்லை. வண்டியில் டிஎன் 39 என்று திருப்பூர் நம்பர் வேறு எழுதியிருக்கிறது.

கடை நம்பருக்குப் போன் செய்தேன். கடைக்காரர், "ஏனுங்க, கணக்கு ராத்திரிதானுங்க பார்ப்போம், ஜாஸ்தி வந்திருந்தா திரும்பி வந்துருமுங்க" என்றார். மறுநாளிலிருந்து எடுக்கவே இல்லை.

பேங்குக்கு அன்றைக்கே போன் செய்து கார்டை பிளாக் செய்தது மட்டும் புத்திசாலித்தனம். பணத்துக்காக மட்டுமில்லை. கார்டு என் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று, நான்கு நிமிடம் உள்ளே இருந்திருக்கிறது. நம்பர், தேதி, பின்பக்க மூன்று இலக்கம் எல்லாவற்றையும் ஒரு போட்டோவில் எடுத்துவிடலாம். நம்மூர் தளங்கள் ஓடிபி கேட்கும், வெளிநாட்டுத் தளங்கள் பல கேட்பதில்லை.

பேங்கில் முதலில் சொன்னது, "நீங்களே கார்டைக் கொடுத்திருக்கீங்களே மேடம்". அதுதான் ரொம்பக் கடுப்பாக இருந்தது, ஏனென்றால் உண்மை. நமக்குத் தெரியாமல் வெளியாள் எடுத்த பணம் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை என்று 2017இலேயே ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. ஆனால் என்னுடையதைக் கடைக்காரரோடு வந்த தகராறு என்று தனியாகப் போட்டு, பில் கேட்டார்கள். பில் எங்கே? வர்க்கி பாக்கெட்டுக்குள் கிடந்தது. எண்ணெய் ஊறி, எழுத்து பாதி மங்கி, மொத்தம் 340 என்ற இடம் மட்டும் தப்பித்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்து நாலு போட்டோ எடுத்து அனுப்பினேன். 26ஆம் நாள் 3,400 கணக்கில் ஏறியது.

அப்படியானால் போன்தான் நல்லதா என்று கேட்டால், பாதிதான். கியூஆர் ஸ்கேன் செய்தால் தொகை நம் திரையில் தெரிந்த பிறகுதான் பின் போடுகிறோம். அதில் பூஜ்யம் கூட்ட வழியில்லை. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது சுற்றிக்கொண்டே நிற்கும். கணக்கில் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்பார்கள். அப்படிப் போனது ஐந்து நாளில் தானாகத் திரும்ப வேண்டும், அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் பேங்க் தர வேண்டும் என்று விதி. அவசரப்பட்டு இரண்டாவது தடவை போட்டுவிடாதீர்கள். கார்டைப் போனில் ஏற்றி மெஷினில் காட்டுவது இன்னொரு வகை. அதில் கார்டின் நிஜ நம்பர் கடைக்குப் போகாது, போனைத் திறக்காமல் பணமும் போகாது. ஆனால் கடைக்காரன் 3,400 என்று அடித்து வைத்துவிட்டு, நாம் திரையைப் பார்க்காமல் காட்டினால் அதிலும் போகும். ஒரே வித்தியாசம், போனை யாரும் "குடுங்க்கா, உள்ள போய்ப் போட்டுட்டு வர்றேன்" என்று வாங்கிப் போக முடியாது. மெஷின்தான் ஜன்னலுக்கு வர வேண்டும்.

புதுக் கார்டு வந்ததும் பேங்க் ஆப்பில், மெஷின் மேல் காட்டினாலே பணம் போகும் அந்த வசதியையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் ஆஃப் செய்துவிட்டேன். அத்தை மட்டும் இன்னும், "நாலு நூறு ரூபா நோட்டு வெச்சிருந்தா இவ்வளவு கதையே இல்ல" என்கிறார்.

போன வாரம் அக்கா கோத்தகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வேண்டுமென்றே அதே ஜன்னலில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். டிஎன் 43, உள்ளூர் நீலகிரி நம்பர் வண்டி. கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மெஷினை இங்கே கொண்டு வாங்க என்றாளாம். கொண்டு வந்தார்களாம். சிக்னல் அருமையாக எடுத்ததாம். ஸ்லிப்பும் வந்ததாம்.