வெளிநாட்டுப் பயணத்துக்குக் குளிர் உடை வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? 14,800 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு எடுங்கள்

ஜப்பான் போய் வந்ததும் பேக்கிங் பட்டியல் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மூன்று வயதுக் குழந்தையோடு சகுரா (செர்ரிப் பூ) பார்க்கப் போகிறவர்களுக்கு எது தேவை, எது தண்டச் சுமை என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் எங்களுக்குக் குளிர் உடை வாடகைக்கு விட்ட பெண் இன்று மதியம் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டாள். அதனால் இது முதலில். பட்டியல் கடைசியில் வரும்.

வாடகை 5,800, டெபாசிட் 9,000. மொத்தம் 14,800 ரூபாய். இதில் ஒரு பைசா திரும்பி வரவில்லை.

கடையின் பெயரைப் போட முடியாது. "பேர் போட்டீங்கன்னா லீகல் நோட்டீஸ் வரும்" என்று ஏற்கெனவே ஒரு மிரட்டல் வந்தாயிற்று. வகையை மட்டும் சொல்கிறேன். வெளிநாடு போகும் குடும்பங்களுக்கு ஜெர்கின், ஸ்னோ பூட்ஸ், கையுறை, பெரிய சூட்கேஸ், ஸ்ட்ரோலர் எல்லாம் வாடகைக்கு விடும் இன்ஸ்டாகிராம் பக்கம். ஃபாலோயர்கள் ஆயிரக்கணக்கில். சென்னைக்குள் வீட்டு வாசலுக்கே டெலிவரி. முகவரி என்ற இடத்தில் 'சென்னை' என்று மட்டும் இருக்கும்.

வாடகைக்கு ஏன் எடுத்தோம் என்று கேட்பீர்கள். சென்னையில் ஜெர்கினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த வருடம் குழந்தைக்கு அளவும் பத்தாது. வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று இன்றும் சொல்வேன், வாடகைக்கு விடுகிறவர் யோக்கியமாக இருந்தால்.

அத்தை மட்டும் "ஊட்டியில வாங்கின ஸ்வெட்டர் இருக்கே, அதுக்கு மேல ஒரு மழைக்கோட்டு போட்டா போதாதா?" என்றார். இதை அந்தப் பெண்ணிடமே சொன்னேன். "ஐயோ அக்கா, ஜப்பான் குளிரு வேற. மைனஸ் பத்து தாங்கற ஜெர்கின் இல்லாம குட்டியைக் கூட்டிட்டுப் போனீங்கன்னா நிமோனியாவுல கொண்டு போய் விடும்" என்றாள். இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியில் டோக்கியோவில் பகலில் 15 டிகிரி வாக்கில் இருக்கும், விடிகாலையில் 5, 6 டிகிரிக்கு இறங்கும். மைனஸ் பத்தெல்லாம் அங்கே பேச்சுக்கே இல்லை. ஊட்டி ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் என்று அத்தை போட்ட கணக்குதான் அந்தப் பருவத்துக்குச் சரியான கணக்கு. ஆனால் 'நிமோனியா' என்று ஒருத்தி சொல்லும்போது எந்த அம்மாவுக்கு மனசு கேட்கும்? அந்த வார்த்தையை எங்கே போட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது வீடியோ கால். இரவு பத்து மணி இருக்கும். பின்னால் ஒரு குழந்தையின் மழலைச் சத்தம் கேட்டது. நீல நிறத்தில், குல்லாவில் முயல் காது வைத்த சின்ன ஜெர்கின் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் குட்டி போனைப் பிடுங்கி "எனக்கா? எனக்கா?" என்று குதித்தாள். "குட்டியை நேரா நிக்க வச்சு, தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் அளந்து சொல்லுங்கக்கா" என்று கேட்டு, நான் சொன்ன அளவை டேப் வைத்து அந்த ஜெர்கின் கையோடு ஒப்பிட்டுக் காட்டினாள். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஸ்ட்ரோலரை ஒரே கையால் மடித்து, "பாருங்க, கேபின் சைஸ், ஃபிளைட்டுக்குள்ளயே தலைக்கு மேல வச்சுக்கலாம்" என்றாள். கடைசியில் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "எனக்கும் இதே வயசுல ஒரு வாண்டு இருக்குக்கா. குழந்தை விஷயத்துல போய் ஏமாத்துவேனா?"

அந்தக் கால் முடிவதற்குள் பணம் போய்விட்டது. பெரியவர்கள் ஜெர்கின் இரண்டுக்கு 2,800, குட்டியின் ஜெர்கின், பேண்ட், பூட்ஸ், கையுறை செட்டுக்கு 1,500, ஸ்ட்ரோலருக்கு 1,500. அதற்கு மேல் டெபாசிட் 9,000. பொருள் திரும்பி வந்த 48 மணி நேரத்தில் டெபாசிட் திரும்பி வந்துவிடும் என்றாள். ஜிபேயில் ஓர் ஆணின் பெயர் வந்தது. "எங்க வீட்டுக்காரர் நம்பர்க்கா."

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் வந்துவிடும் என்ற பார்சல், கிளம்புகிற அன்று மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தது. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் விமானம். பிரித்துப் பார்த்தால் நீல ஜெர்கின் இல்லை, முயல் காதும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஆறு வயசுப் பையன் போடுகிற ஜெர்கின். குட்டிக்குப் போட்டால் கை விரல்கூட வெளியே தெரியவில்லை. ஜிப்பைப் பிடித்து இழுக்கிற பிடி போய், அந்த இடத்தில் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் ஒன்று திரும்பவே இல்லை. மடித்துப் பூட்டுகிற கொக்கி உடைந்து, செல்லோ டேப் சுற்றியிருந்தது. எல்லாவற்றையும் அப்போதே வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "சாரிக்கா, பேக்கிங் பசங்க மாத்தி வச்சிட்டாங்க. நோட் பண்ணிக்கிறேன். டெபாசிட்ல எதுவும் பிடிக்க மாட்டேன், நிம்மதியா போய்ட்டு வாங்க." அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது.

செக்-இன் கவுண்டரிலேயே ஸ்ட்ரோலர் கேபின் அளவு இல்லை என்று சொல்லி கார்கோவில் போட்டுவிட்டார்கள். டோக்கியோவில் ஓரளவு சமாளித்தோம். உயேனோ பூங்காவில் மரங்கள் முழுக்கப் பூத்திருந்தன. கீழே விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவே, திரும்பாத சக்கரத்தை வைத்துக்கொண்டு ஒரு ஸ்ட்ரோலரைத் தள்ளிப் பாருங்கள், தெரியும். அங்கே கூட்டமான பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடிக்கச் சொல்வார்கள். மடித்தால் நிற்காது, விரித்தால் பூட்டாது. என் கணவர் அதைக் கல்யாண வீட்டு அண்டாவைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டே ஊர் சுற்றினார்.

உண்மையில் அவதிப்பட்டது கவாகுச்சிகோவில். ஃபூஜி மலை பார்க்க எல்லோரும் போகிற ஏரிக்கரை ஊர். கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிக உயரம். டோக்கியோவில் பூ உதிர ஆரம்பித்திருக்கும்போது அங்கே மொட்டுகூட சரியாக விரிந்திருக்காது, ஏப்ரல் நடுவில்தான் களைகட்டும். காலைக் குளிர் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். நாங்கள் போன அன்று மழை வேறு. வீடியோவில் முத்து முத்தாக உருண்ட தண்ணீர், இந்த ஜெர்கினில் ஸ்பாஞ்சில் இறங்குவதுபோல இறங்கியது. சிறிது நேரத்தில் குட்டியின் உள்சட்டை வரை ஈரம். பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. மழைக்கு ஒதுங்கிய கடையில் ஒரு வயதான அம்மா, நாங்கள் கேட்காமலே துண்டு கொண்டு வந்து கொடுத்தார். அப்புறம் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் துணிப்பிரிவில் குழந்தைக்கு மெல்லிய பஞ்சு ஜெர்கின் ஒன்றும் மழைக்கோட்டும் வாங்கினோம். குளிர்கால உடைகளை ஏறக்குறைய எடுத்துவிட்டு வசந்தகாலச் சட்டைகளை அடுக்கியிருந்தார்கள், கிடைத்ததே பெரிது. அந்தச் செலவை நான் 14,800-இல் சேர்க்கவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே பொருள்களைத் திருப்பி அனுப்பத் தயாராக இருந்தோம். "ஆள் இல்லக்கா, திங்கட்கிழமை எடுத்துக்கறோம்" என்றது அவள்தான். திங்கட்கிழமை எடுத்தார்கள். 48 மணி நேரம் போனது. அதற்குப் பிறகு வந்த பதில்களை அப்படியே தருகிறேன்.

"செக்கிங்ல இருக்குக்கா."

"அக்கவுண்ட்ஸ் வெள்ளிக்கிழமைதான் போடுவாங்க."

வெள்ளிக்கிழமை: "சர்வர் பிராப்ளம்."

அதற்கப்புறம் ஒரு வாய்ஸ் நோட், இருமலோடு: "ஆஸ்பத்திரில இருக்கேன், மனுஷத்தன்மையோட நடந்துக்கோங்க." அதே மாலையில் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் புது ஸ்டோரி, புது பூட்ஸ் வந்திருக்கிறதாம், முந்துங்கள் என்று. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. என் கணவர் போனிலிருந்து கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்தாள். ஜெர்கின் வேண்டும் என்று ஆரம்பித்ததும் "சொல்லுங்கண்ணா" என்று தேன் ஒழுகப் பேசினாள். டெபாசிட் என்றதும் லைன் கட்.

அப்போதிலிருந்து நான் 'அக்கா' இல்லை, 'மேம்'. ஒரு பில் வந்தது. கறை 2,500, சக்கரம் உடைந்ததற்கு 4,000, தாமதக் கட்டணம் 1,500, டிரை கிளீனிங் 1,000. கூட்டிப் பாருங்கள். சரியாக 9,000. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்தச் சக்கரம் வரும்போதே திரும்பவில்லை என்பதற்கு வீடியோ இருக்கிறது, 'நோட் பண்ணிக்கிறேன்' என்ற அவள் பதிலும் இருக்கிறது. தாமதம் அவள் சொன்ன திங்கட்கிழமையால் வந்தது. கறைக்கு ஆதாரமாக ஒரு போட்டோ அனுப்பினாள் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. போட்டோவில் இருந்தது நீல ஜெர்கின். முயல் காது வைத்தது. எங்கள் வீட்டுக்கு வரவே வராத ஜெர்கின்! அதில் சாக்லேட் கறையாம், என் குழந்தை பண்ணியதாம். இதைக் கேட்டதும் "எங்க ரெக்கார்டு படி உங்களுக்கு அனுப்பினது இதுதான் மேம்" என்றாள். வீடியோவைத் திரும்ப அனுப்பினேன். லீகல் நோட்டீஸ் என்றாள். இன்று மதியம் பிளாக். பக்கத்தில் நான் எழுதிய ரிவ்யூவையும் காணோம்.

வங்கியில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." சைபர் குற்றத்துக்கான 1930-க்குப் பேசினோம். பொருள் கைக்கு வந்திருக்கிறது, தகராறு டெபாசிட்டில்தான், நுகர்வோர் பக்கம் போங்கள் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டேன். அது சரியாக வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இணையம் வழியாகவே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. 14,800 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். அலுத்துப்போய் விட்டுவிடுவோம் என்ற தைரியத்தில்தானே அவள் பில்லைச் சரியாக 9,000-க்கு எழுதினாள்?

சரி, பட்டியல். எனக்கு இப்போது விவரமாக எழுதப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

டெபாசிட் வாடகையை விட அதிகம் என்றால் எடுக்காதீர்கள். நேரில் போய், குழந்தைக்குப் போட்டுப் பார்த்து எடுக்கிற கடையாக இருக்கட்டும். வீடியோ காலில் காட்டுகிற பொருளுக்கும் வீட்டுக்கு வருகிற பொருளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பார்சலைப் பிரிக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் வீடியோ எடுங்கள். பணம் வாங்குகிற பெயரும் கடைப் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மார்ச், ஏப்ரல் ஜப்பானுக்குக் குழந்தைக்கு உள்ளே போட ஒரு தெர்மல், அதற்கு மேல் ஒரு ஃபிளீஸ் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மழை தாங்குகிற மெல்லிய ஜெர்கின். போதும். சாக்ஸ் மட்டும் நிறைய. ஸ்னோ பூட்ஸ் வேண்டவே வேண்டாம்.

நம் ஊர் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப் போகாதீர்கள். அங்கே 100 வோல்ட், நம்முடையது 230. சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும், பால்கூடக் காயாது. போன் சார்ஜருக்குத் தட்டையான இரண்டு முள் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, பழம், இறைச்சி சேர்ந்த எதுவும் பையில் வேண்டாம். சளி மருந்தில் ஸூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே கொண்டுபோகவே கூடாது, டாக்டரிடம் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். இதே மாதிரி யாருக்காவது டெபாசிட் மாட்டிக்கொண்டிருந்தால் வாட்ஸ்அப் சாட்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915-இல் இன்றைக்கே பதியுங்கள். நான் ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.