ஆறு வருஷமாக ஆடிட்-டியோடு குடித்தனம்

"எங்க சர்வர்லயும் ஆடிட்-டி போடலாமான்னு பாக்குறேன், எப்படி இருக்கு?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். பாதி நேரம் புகழ்ந்தேன், பாதி நேரம் திட்டினேன். அவன் குழம்பிப்போய் போனை வைத்துவிட்டான். அதனால் எழுதியே வைக்கிறேன். ஆடிட்-டி என்பது லினக்ஸ் சர்வரில் யார் என்ன செய்தார்கள் என்று பதிவு செய்யும் நிரல்.

ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள தலைமைக் கணக்கின் அதிகாரத்தை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க, ரூட்டாகக் கட்டளை ஓட்ட உதவும் சூடோ எழுதும் பதிவே போதும் என்றுதான் நானும் இருந்தேன். எங்கள் டீமில் நாலு பேர். நாலு பேருக்கும் உள்ளே நுழைந்ததும் 'சூடோ எஸ்யூ' அடித்து ரூட்டாகவே மாறிவிடுகிற பழக்கம். அந்த ஒரு வரி பதிவாகும். அப்புறம் அரை மணி நேரம் ரூட்டாக உட்கார்ந்து எதைக் கலைத்தாலும் அந்தப் பதிவில் ஒன்றும் இருக்காது.

ஆடிட்-டி என் மனசைப் பிடித்தது அங்கேதான். லாகின் செய்தவுடன், நுழைந்தது யார் என்று காட்ட ஏயூஐடி என்று ஓர் எண்ணைப் பச்சை குத்தியது போலப் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு எஸ்யூ, சூடோ, எதன் வழியாக ரூட் ஆனாலும் இப்போது யாராக இருக்கிறோம் என்று காட்டும் யூஐடிதான் ரூட்டின் எண்ணான 0 ஆகும். ஏயூஐடி அப்படியே நிற்கும். ரூட்டாக ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் பிடிக்கும்படி விதி போட்டுவிட்டால், விஐ எடிட்டருக்குள்ளிருந்து ஷெல் (கட்டளை அடிக்கும் இடம்) திறந்து செய்த வேலைகூட வந்துவிடும். இதற்காக எத்தனை முறை கும்பிட்டாலும் தகும்.

ஆனால் படிக்க வேண்டுமே! ஒரே கட்டளைக்கு நாலைந்து வரிகள். நேரம் 1970-லிருந்து எண்ணிய விநாடிகளில் இருக்கும். கட்டளையோடு ஏதாவது சேர்த்து அடித்திருந்தால் அது ஹெக்ஸாக, அதாவது எழுத்துகளுக்குப் பதில் 16 அடிமான எண்களாக மாறிக் கிடக்கும். 706173737764 என்று வரி தொடங்கினால் யாரோ பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறார்கள் என்று இப்போது எனக்குப் பார்த்தவுடனே தெரிகிறது. இது ஒரு திறமையா, வியாதியா?

பதிவுகளைத் தேடும் கருவியான ஏயூ-சர்ச்சில் ஐ என்ற விருப்பத்தைப் போட்டால் மனுஷன் படிக்கிற மாதிரி வரும். என்னைக் கவிழ்த்ததே அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு டேட்டாபேஸ் கணக்கின் பாஸ்வேர்டு மாறிவிட்டது. யாரைக் கேட்டாலும் "நான் இல்லை." பதிவை என் கணினிக்கு நகலெடுத்து ஏயூ-சர்ச்சில் ஓட்டினேன். புதிதாகச் சேர்ந்த பையனின் பெயர் வந்தது. இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழைய ரா அமைப்பில் பதிவில் எண் மட்டும்தான் இருக்கும். பெயரை, படிக்கிற கணினியில் உள்ள பயனர் பட்டியலைப் பார்த்துத்தான் ஏயூ-சர்ச் போடுகிறது. 1004 என் கணினியில் அந்தப் பையன். சர்வரில் 1004 நான். டெஸ்ட் சர்வர் என்று நினைத்து ஜன்னல் மாறி அடித்தது நான்தான்!

என்ரிச்டு அமைப்பில் பெயரும் சேர்ந்தே பதிவாகிறது. மறக்காமல் அதைப் போடுங்கள். இயல்பாக வருவது 8 எம்பி பதிவுக் கோப்புகள் ஐந்து, அதற்கு மேல் பழையது அழிந்துவிடும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 180 நாள் பதிவுகளை வைக்கச் சொன்னபோது எங்கள் கையில் இருந்தது நாலு நாள் சரக்கு.

சரி, போடலாமா? இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்பேன். பையன் இன்னும் டீ குடிக்க என்னோடு வருவதில்லை. எங்கள் சர்வரிலிருந்து எடுப்பீர்களா என்று கேட்காதீர்கள், எடுக்க மாட்டேன்.