ரத்தம் இருக்கிறது, பயம்தான் வரவில்லை

ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் தேடித் தேடிக் கொல்லும் ஸ்லாஷர் படங்கள் என்றால் எனக்கு உயிர். 1978-இல் வந்த 'ஹாலோவீன்', 1980-இல் வந்த 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' இரண்டிலும் யாருக்குப் பிறகு யார் சாகிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால் ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸ் எழுதி 2021-இல் வெளியான 'மை ஹார்ட் இஸ் எ செயின்சா' நாவலை ரொம்ப ஆசையோடு எடுத்தேன். திகில் இலக்கியத்துக்கான பிராம் ஸ்டோக்கர் விருது வாங்கிய புத்தகம் வேறு. ஏறக்குறைய 400 பக்கங்களையும் படித்து முடித்தபோது பாதி மனசுதான் நிறைந்தது.

கதை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஏரிக்கரையில் இருக்கும் ப்ரூஃப்ராக் என்ற சிற்றூரில் நடக்கிறது. ஏரியின் எதிர்க்கரையில் பெரும் பணக்காரர்கள் வந்து டெரா நோவா என்று ஒரு குடியிருப்பே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜேட் டேனியல்ஸுக்கு வயது 17. பாதி பூர்வகுடி ரத்தம், குடிகார அப்பா, பள்ளியில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. அவளுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் ஸ்லாஷர் படங்கள். ஏரியில் பிணம் கிடைத்ததும், 'சரி, நம் ஊரிலும் ஆரம்பித்துவிட்டது' என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். எதிர்க்கரையிலிருந்து பள்ளிக்கு வந்து சேரும் லீத்தா என்ற பெண்தான் கொலைகாரனை எதிர்த்து நின்று கடைசியில் மிஞ்சப்போகிறவள் என்று நம்பி, அவளைத் தயார்படுத்தத் தொடங்குகிறாள்.

ஜேட் மாதிரி ஒரு பெண்ணை எழுதியதற்காகவே இந்த எழுத்தாளரைப் பாராட்ட வேண்டும். அத்தியாயங்களுக்கு நடுநடுவே அவள் தன் வரலாற்று ஆசிரியர் ஹோம்ஸுக்குக் கூடுதல் மதிப்பெண்ணுக்காக எழுதிக்கொடுத்த கட்டுரைகள் வருகின்றன. தலைப்பு 'ஸ்லாஷர் 101'. பழைய தப்பு ஒன்று இருக்க வேண்டும், அதற்குப் பழிவாங்க ஒருவன் திரும்பி வர வேண்டும், கடைசிப் பெண் எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆர்வமாக விளக்குகிறாள். ஆசிரியரிடம் வாயாடுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், உடனே அடுத்த படத்துக்குத் தாவுகிறாள். படத்தைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு தன்னைப் பற்றி எழுதிவிடுகிறாள் என்பது போகப் போகத்தான் உறைக்கிறது. ஓர் இடத்தில், அந்தக் கட்டுரைகளைப் படித்த இன்னொருவர் அவற்றில் மறைந்திருப்பதைக் கண்டுபிடித்து, அவள் முகத்துக்கு நேரே கேட்கிறார். ஜேட் அதை மறுக்கும் விதம் இருக்கிறதே, நாவலின் எந்தக் கொலையும் என்னை அந்த அளவு கலங்கடிக்கவில்லை.

என் குறையும் அங்கேதான் தொடங்குகிறது. முன்கதையைத் தவிர நாவல் முழுக்க ஜேட்டின் தலைக்குள்ளேயே நடக்கிறது. அவளோ கொலைகாரன் வரவேண்டும் என்று காத்திருப்பவள். பிணம் விழுந்தால் அவளுக்கு அது ஆதாரம். அவள் உற்சாகமாக இருக்கும்போது நமக்கு எப்படி பயம் வரும்? 'ஹாலோவீன்' படத்தின் தொடக்கத்தில் கேமராவே கொலைகாரனின் கண்ணாக வீட்டுக்குள் போகிறது. அப்புறம் அந்தப் படத்தின் கதாநாயகிக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இங்கே எல்லாம் தெரிந்தவள் கதாநாயகி. நாம் வாய் திறக்கும் முன் அவளே ஸ்லாஷர் படங்களின் விதியைச் சொல்லி, எந்தப் படத்தில் இது வந்தது என்றும் சொல்லிவிடுகிறாள். முன்கதையில் இரவு நேரத்தில் ஏரிக்குள் படகில் போகும் டச்சு ஜோடிக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது. புத்தகத்தில் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்த பக்கங்கள் அவைதான்.

படப்பெயர்கள் வேறு கொட்டிக்கொண்டே இருக்கின்றன. எனக்குப் பாதிக்கு மேல் தெரியும் என்பதால் சமாளித்தேன். இந்த வகைப் படங்களே பார்க்காதவர் ஐம்பதாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடக்கூடும். நடுப்பகுதி நகரவே மாட்டேன் என்கிறது. ஜேட் நடக்கிறாள், சந்தேகப்படுகிறாள், துப்புரவு வேலைக்குப் போகிறாள், மறுபடி சந்தேகப்படுகிறாள். டெரா நோவா பணக்காரர்கள் பெயர்களாக மட்டும் வந்துபோவதால், அவர்களில் ஒருவர் செத்தாலும் மனசில் ஒட்டவில்லை.

பிறகு ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். ஊரே ஏரியில் மிதந்தபடி, கடலில் குளிப்பவர்களைச் சுறா வேட்டையாடும் 'ஜாஸ்' படம் பார்க்கும் அந்த இரவுக்காகத்தான் அத்தனை பக்கமும் காத்திருக்கிறோம். யோசனை பிரமாதம். ஆனால் எழுத்தில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், யாருக்கு என்ன ஆனது என்பது பிடிபடவில்லை. சில பத்திகளை இரண்டு தடவை படித்தும் தெளியவில்லை. கொலைகளின் பின்னணியில் இருப்பது யார் என்பதற்கு நாவல் தரும் பதிலும் ஒன்றல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகிறது. இவ்வளவு விதி பேசிய புத்தகம், ஒவ்வொரு கொலைக்கும் தனித்தனியாக மூச்சு விட நேரம் தர வேண்டும் என்ற விதியை மட்டும் கைவிட்டிருக்க வேண்டாம்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அதில் இரண்டு ஜேட்டுக்கும் அவள் கட்டுரைகளுக்கும். ஸ்லாஷர் படங்களில் ஊறியவர்கள், மெதுவாக நகரும் கதையைப் பொறுத்துக்கொள்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். குழந்தைகள் மீதான கொடுமையைப் பற்றி வாசிக்க முடியாதவர்கள் யோசித்து எடுங்கள். இது மூன்று பாகக் கதை. மற்ற இரண்டும் 2023-லும் 2024-லும் வந்துவிட்டன. ஜேட்டுக்கு அப்புறம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள இரண்டாம் பாகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கொலைகாரன் யாராக இருந்தாலும் எனக்கு அது இரண்டாம்பட்சம்தான்.