முட்டி மாத்தி ரெண்டரை வருஷம் ஆச்சு, என் அனுபவம்

வலது முட்டி ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டரை வருஷம். முதல் மாசம் எழுதியிருந்தா திட்டித்தான் எழுதியிருப்பேன், அதான் இவ்ளோ நாள் பொறுத்து எழுதறேன்.

தேய்மானம்னு தெரிஞ்சப்புறம் ஏழெட்டு வருஷம் மாத்திரை, ஊசி, முட்டி பட்டைன்னு ஓட்டினேன். கடைசியா எடுத்த எக்ஸ்ரேல எலும்பும் எலும்பும் ஒட்டிக்கிட்டு நடுவுல இடைவெளியே இல்ல, ராத்திரி புரண்டு படுத்தாலே முழிப்பு வந்துரும், அதுக்கப்புறம்தான் சரின்னு சொன்னேன். முட்டியவே கழட்டிட்டு புதுசா மாட்டுவாங்கன்னு நினைச்சிருந்தேன், அப்படி இல்லையாம். தேஞ்ச முனைகள மட்டும் சீவிட்டு மேல கோபால்ட் குரோம் மூடி, கீழ டைட்டானியம் தட்டு, ரெண்டுக்கும் நடுவுல பாலிஎத்திலீன்னு ஒரு கெட்டி பிளாஸ்டிக். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்கு கீழ மரத்துப்போக வச்சுதான் பண்ணாங்க, சுத்தியல் சத்தம் எல்லாம் காதுல விழுந்துச்சு, வலி துளிகூட இல்ல. மறுநாளே வாக்கர குடுத்து நிக்க வச்சுட்டாங்க.

அந்த மறுநாள நம்பி யாரும் ஏமாந்துறாதீங்க. மரப்பு மருந்து வேலை செய்யற வரைக்கும்தான் அந்த வீரம் எல்லாம். மூணாம் நாள்லருந்து தொடையிலருந்து கணுக்கால் வரைக்கும் வீங்கி, அங்கங்க நீலமா கன்னிப்போயி, என் கால எனக்கே அடையாளம் தெரியல. ரத்தம் கட்டிறக்கூடாதுன்னு மருந்து, ஐஸ் ஒத்தடம், ரெண்டு வாரத்துல தையல் பிரிச்சது, அதெல்லாம் எப்படியோ ஓடிருச்சு.

நான் பண்ண தப்பு ஒண்ணு இருக்கு, அத சொல்லத்தான் இத எழுத உக்காந்தேன். பாக்க வர்ற எல்லாரும் "எவ்ளோ மடங்குது"ன்னுதான் கேப்பாங்க, "கால் நேரா நீளுதா"ன்னு ஒருத்தர் கேக்கமாட்டாங்க. நானும் 90 டிகிரி, 100 டிகிரின்னு மடக்கறதுலயே குறியா இருந்தேன். ராத்திரி வலிக்குதேன்னு முட்டிக்கு அடியில ஒரு தலகாணிய சொருகிக்குவேன், அவ்ளோ சுகமா இருக்கும். வேண்டாம்னு ஆஸ்பத்திரிலயே சொல்லித்தான் அனுப்பினாங்க, யார் பாக்கப்போறான்னு வச்சுக்கிட்டேன். மூணாவது வாரம் பிசியோ பொண்ணு வந்து கால நீட்டச் சொல்லி முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவுல கைய விட்டுச்சு, கை முழுசா உள்ள போயிருச்சு. "அம்மா, தலகாணி வச்சீங்களா?"ன்னு கேட்டுச்சு பாருங்க, திருடி மாட்டின மாதிரி ஆயிருச்சு எனக்கு. முட்டி மடங்கின வாக்குலயே இறுகிட்டா நடக்கும்போது கால் முழுசா நிமிராது, விந்தி விந்திதான் நடக்கணும், இடுப்பும் சேர்ந்து போயிரும்.

அப்புறம் குதிகாலுக்கு அடியில டவல சுருட்டி வச்சு முட்டிய அந்தரத்துல தொங்கவிட்டு பத்து நிமிஷம் அப்படியே கிடக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவ. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும், ரெண்டாவது நிமிஷத்துல கண்ணுல தண்ணி வந்துரும். கால் நேரா வர எனக்கு மூணு மாசம் புடிச்சுது, தலகாணி வைக்காம இருந்திருந்தா இவ்ளோ பாடு இல்ல.

இப்ப எப்படி இருக்குன்னா, 120 டிகிரி மடங்குது, ஒரு மணி நேரம் நடக்கறேன், மாடிப்படி கைப்பிடி இல்லாம ஏறுவேன், இறங்கறப்ப மட்டும் புடிச்சுக்குவேன். பழைய வலி சுத்தமா இல்ல. ஆனா இது என் முட்டிதான்னு சொல்லவும் முடியல. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துதான் கிடக்கு, ஏறி இறங்கும்போது டக் டக்னு சத்தம் வரும், பயந்துபோயி போன் பண்ணேன், உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கறதுதான்னு சொன்னாங்க. வீக்கம் முழுசா வத்த ஒரு வருஷம் ஆச்சு. முட்டி போட்டா கூழாங்கல்லு மேல நிக்கற மாதிரி ஒரு கூச்சம், அதனால போடறதே இல்ல.

எவ்ளோ நாள் வரும்னு கேக்கறவங்களுக்கு, 2019ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 100க்கு 80 பேருக்கு மேல 25 வருஷம் தாங்குதுன்னு போட்டிருந்தாங்க. எனக்கு 63, கணக்கு சரியாத்தான் வருது.

இடது முட்டியும் இப்ப முனக ஆரம்பிச்சிருச்சு. அதையும் பண்ணிக்குவேன், தொடைக்கு வலு ஏத்தற பயிற்சிய இப்பவே ஆரம்பிச்சாச்சு. ஆபரேஷனுக்கு முந்தின நாளே வீட்டுல இருக்கற உபரி தலகாணிய எல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சிருன்னு மருமககிட்ட சொல்லி வச்சிருக்கேன், நான் கெஞ்சினாலும் குடுக்கக் கூடாதுன்னு.